தலைமாடு அண்ணனும் திரும்பி நின்ற வீடும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இரும்புக்கு முகம் பார்த்து, முதுகு பார்த்து, தலை எது கால் எது என்று விசாரித்து, அதற்குத் தகுந்த மரியாதை கொடுத்த ஒரே மனிதர் எங்கள் தலைமாடு அண்ணன்தான். இதை நான் எந்தச் சபையிலும் வந்து சொல்வேன். அந்த மரியாதையில் கால்வாசியைக் கூட அவர் மனிதர்களுக்குக் கொடுத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அவர் உட்கார்ந்து ஆட்சி செய்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிம்பாங் பூலாய் தாண்டி, கேமரன் மலைக்கு ஏறுகிற சாலையில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு ஓரமாக ஒரு நீளக் கொட்டகை. அதுதான் எங்கள் தொழிற்சாலை. அங்கே வீடு செய்கிறோம். மெல்லிய இரும்புத் தகடு சுருள் சுருளாக வரும். ஒரு பக்கம் மெஷினுக்குள் போனால் மறுபக்கம் மடிந்து, துளை விழுந்து, அளவாக வெட்டுப்பட்ட சட்டங்களாக வெளியே வரும். அவற்றை மேசையில் பரப்பி ஸ்க்ரூ அடித்தால் ஒரு சுவரின் எலும்புக்கூடு தயார். அதற்குப் பேனல் என்று பெயர். பேனல்களை லோரியில் ஏற்றி அனுப்பினால், அங்கே ஏற்கெனவே போட்டு வைத்த சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி, ஒன்றோடு ஒன்றை முடுக்கி, மேலே கூரை ஏற்றி, உள்ளும் புறமும் பலகை அடிப்பார்கள். வீடு முடிந்தது. என் மாமியார் மட்டும் இன்றுவரை நான் பிஸ்கட் டின் கம்பெனியில் வேலை செய்வதாகவே சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறார்.

எந்தச் சுவர் எந்த லோரியில் ஏற வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. ஸ்க்ரூ அடிக்கிற மேசைகளுக்கெல்லாம் தலைவர் தலைமாடு அண்ணன். குட்டையான ஆள், கொஞ்சம் தொப்பை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கழிவறைக்குப் போகிற அவசரத்தில், தரையில் கிடந்த ஒரு பேனலைத் தாண்டிவிட்டேன்.

"தம்பி, நில்லு."

நின்றேன்.

"அது படுத்திருக்கு. படுத்திருக்கிறதத் தாண்டலாமா?"

"அண்ணே, அது சுவரு."

"சுவருதான். தாண்டினா வளராது."

"சுவர் எதுக்கு அண்ணே வளரணும்?"

"அது உள்ள இருக்கிற குடும்பம் வளரணும்ல. திரும்பத் தாண்டு."

குழந்தையைத் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்டச் சொல்வார்களே, அதே வழக்கம். பட்டதாரி, கல்யாணமானவன், புதுச் சப்பாத்து போட்டவன், ஒரு சுவரைத் திரும்பத் தாண்டினேன். அவர் முகம் தெளிந்தது. பிறகு கழிவறைக்குச் சுற்றிப் போகிற வழியைக் காட்டினார். அது மிக நீளமான வழி.

பேனலின் மேல்விளிம்பை ஆங்கிலத்தில் என்னவோ சொல்வார்கள். அவருக்கு அது தலைமாடு. கீழ்விளிம்பு கால்மாடு. நாம் பாயில் படுத்தால் தலை இருக்கிற பக்கத்தையும் கால் இருக்கிற பக்கத்தையும் எப்படிச் சொல்வோமோ, அப்படியே. நாள் முழுக்க "தலைமாட்டைப் பிடி, தலைமாட்டைத் தூக்கு" என்று கத்திக்கொண்டே இருந்ததில் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று விலகி வழிவிடுவார்.

இதோடு நின்றிருந்தால் எனக்குத் தொல்லை இல்லை. லோரியில் ஏற்றும்போது எல்லாப் பேனலுக்கும் தலை முன்னால் இருக்க வேண்டும் என்பார். கால் முன்னால் வைத்து ஒரு பேனலைக்கூட வெளியே விட மாட்டார். கால் முன்னால் வைத்து வீட்டை விட்டுப் போவது யார் என்பது நமக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசினாலே நாக்கைக் கடித்துக்கொள்வார். ஏற்றி முடித்துக் கயிறு கட்டிய பிறகு வந்து பார்த்து, "கால்மாடு முன்னால இருக்கு, இறக்கு" என்பார். கிரேன் ஓட்டுகிற பையன் அழாத குறை.

ஒரு நாள் லோரி லூமுட்டுக்குப் போயிருந்தது. அங்கே இடம் சின்னது, லோரி பின்பக்கமாகத்தான் உள்ளே போக முடியும். ஓட்டுநர் போனில் என்னிடம் யதார்த்தமாகச் சொன்னதை, பக்கத்தில் நின்ற அண்ணன் கேட்டுவிட்டார். போனைப் பிடுங்கினார்.

"ரிவர்ஸ்ல போகாதலா. ரிவர்ஸ்ல போனா கால் முன்னால போகுது."

"அண்ணே, முன்னால போனா வெளிய வர முடியாது."

"அது உன் சூசா, உன் கஷ்டம். என் சுவரு தலை முன்னால போகணும்."

அந்த ஓட்டுநர் லோரியை எப்படித் திருப்பினான் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்து மீன் கடைக்காரர் வேலியைக் கழற்றி உதவினார் என்று ஒரு பேச்சு. ஒரே ஒரு முறைதான் அண்ணன் விட்டுக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துக் கழிவறைக் கட்டடம் ஒன்று போனபோது, "அதுக்கு எப்படிப் போனாலும் பரவாயில்ல" என்று கையை அசைத்துவிட்டார்.

எங்கள் எஞ்சினியர் வதனி. ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் அண்ணனுக்கும் இடது வலது விஷயத்தில் மட்டும் ஒத்துப் போகவே இல்லை. அண்ணனைப் பொறுத்தவரை சுவர் என்பது நமக்கு எதிரே நிற்கிற ஆள். ஆகவே சுவருக்கு அதன் சொந்த வலக்கை உண்டு.

"அண்ணே, ஜன்னல் வலப்பக்கம் வரவேணும். நீங்கள் இடப்பக்கம் வச்சிருக்கிறீங்கள்."

"யாருக்கு வலது?"

"பாக்கிற எனக்கு."

"நீங்களா அந்த வீட்டுல குடியிருக்கப் போறீங்க?"

வதனி வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நானும் என் கைகளைப் பார்த்தேன். அந்தத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக வேலை செய்த பாவத்துக்கு, இன்றைக்கும் யாராவது "இடப்பக்கம் திரும்புங்க" என்றால் நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு யோசிக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கம்மா அக்கா வந்தார்.

அக்கா ஈப்போவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறவர். புருஷன் இல்லை, ஒரே மகள் பினாங்கில் படிக்கிறாள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, வளர்ந்து, வாழ்ந்துகொண்டிருந்தார். தோட்டம் கைமாறிவிட்டது. ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்துவிட்டு, லயத்தைப் புரட்டாசி மாதத்தில் இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் யாரும் புதுவீடு புக மாட்டார்கள். ஆக, ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்குள் அக்கா பால் காய்ச்சியாக வேண்டும். தவறினால் லயத்தை இடிக்கிற வண்டி வந்து நிற்கும்போது அவருக்குப் போக இடமில்லை. கல் வீடு கட்ட நாள் போதாது. அதனால்தான் எங்கள் பிஸ்கட் டின்னைத் தேடி வந்திருந்தார்.

வதனி எல்லாவற்றையும் விளக்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"நிலை எப்பம்மா வைக்கிறது?"

வதனிக்குப் புரியவில்லை. வாசற்கால் நிறுத்துகிற சடங்கு. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வீட்டுக்காரர்கள் கைபட நிலையை நிறுத்திவிட்டுத்தான் சுவர் எழும்ப வேண்டும். நாங்கள் செய்கிற வீட்டிலோ வாசற்கால் சுவரோடு ஒட்டிப் பிறந்து லோரியில் வருகிறது. முதலில் சுவர், அதற்குள்ளே வாசல்.

"அக்கா, வாசல் இங்கேயே செய்துதான் வரும்" என்றார் வதனி.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என் வீடு பொறக்குறது உங்க ஃபேக்டரிலயா?"

ஸ்க்ரூ அடிக்கிற மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "ஆஸ்பத்திரில பொறக்கிறதில்லையாக்கா? பொறக்கிறது இங்க. வளர்றது அங்க. பூசைய இங்கயே போட்ருவோம்."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு எங்கள் கம்பெனியில் எஞ்சினியர், முதலாளி எல்லாமே தலைமாடு அண்ணன்தான்.

பூசை நாளன்று நல்ல மழை. அக்கா, லயத்துப் பெண்கள் சிலர், தோட்டத்துக் கோயில் பண்டாரம் என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மாவிலை, தேங்காய், சூடம், வாழைப்பழம். எங்கள் கொட்டகையில் மெஷின் எண்ணெய் வாசத்தோடு சாம்பிராணி கலந்தது அன்றைக்குத்தான். பண்டாரம் மேசையைப் பார்த்துவிட்டு முதல் குண்டைப் போட்டார்.

"நிலை படுத்திருக்கே. படுத்திருக்கிற நிலைக்கு எப்படிப் பொட்டு வைக்கிறது?"

நியாயம்தான். கிரேனில் கொக்கியை மாட்டி வாசல் பேனலை எழுப்பினோம். ஒற்றைச் சங்கிலியில் அது தொங்கிக்கொண்டு நின்றது.

"கிழக்குப் பாத்து நிக்கணும்" என்றார் பண்டாரம். இரண்டாவது குண்டு.

கிழக்கு எது? மழையில் சூரியன் இல்லை. நான் போனில் திசைகாட்டியைத் திறந்தேன். அது மெஷின் பக்கம் காட்டியது. வதனியின் போன் கழிவறைப் பக்கம் காட்டியது. சுற்றிலும் டன் கணக்கில் இரும்பு அடுக்கியிருக்கிற இடத்தில் திசைகாட்டி என்ன செய்யும், பாவம். பேனல் நிறுத்துகிற குழுவுக்குத் தலைவன் குமார், தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கொட்டகை முழுக்க நடந்து, போகிற இடமெல்லாம் புதுப்புதுக் கிழக்கைக் கண்டுபிடித்தான். குன்று இருக்கிற பக்கம்தான் கிழக்கு என்றார் பண்டாரம். எந்தக் குன்று என்று கேட்டேன். சிம்பாங் பூலாயில் நின்றுகொண்டு கேட்கக்கூடாத கேள்வி அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்று.

"நேரம் போகுது" என்றார் அக்கா. அப்புறம் அண்ணனிடம் திரும்பி, "அண்ணே, எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. நிலையப் பிடிக்க அண்ணன் தம்பி வேணும். நீங்க பிடிங்க."

அதுவரை கொட்டகையையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர் பேனலுக்கு அருகே மெல்ல வந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். கையை வேட்டியில் துடைப்பதாக நினைத்துக்கொண்டு காற்சட்டையில் துடைத்தார். பேனலைப் பிடித்தார்.

ஒற்றைச் சங்கிலியில் தொங்குவது சும்மா நிற்குமா. பண்டாரம் மந்திரத்தைத் தொடங்க, பேனல் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. பண்டாரம் அதோடு கூடவே நகர்ந்தார். தட்டோடு அக்கா நகர்ந்தார். பெண்கள் நகர்ந்தார்கள். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதோடு சேர்ந்து சுற்றினார். வெறும் இரும்புச் சட்டம் அது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் நிற்கிறவர் தெரிவார். முன்னும் பின்னும் பார்வைக்கு ஒன்றுதான். அது எத்தனை சுற்று சுற்றியது, சூடம் காட்டும்போது எந்தப் பக்கம் யாரைப் பார்த்து நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எல்லோரும் கும்பிட்டோம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லோருக்கும் திருப்தி.

அண்ணன் கண்ணைத் திறந்தார். குங்குமத்தைப் பார்த்தார். "இதுதான் முகம். குமாரு, இந்தப் பொட்டு வெளிப்பக்கம் இருக்கணும். மறந்துராத" என்றார்.

குமார் மறக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

அடுத்த வாரம் லோரி போனது, தலை முன்னால்தான். அங்கே குமார் முதல் பேனலாக வாசலை நிறுத்தினான், பொட்டு வெளிப்பக்கம். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, வாசல நிறுத்திட்டேன். பக்கத்துச் சுவர் சேர மாட்டேங்குது."

"வாசல் முகம் எப்படி இருக்கு?"

"பொட்டு வெளிய பாக்குது."

"அப்ப அது பெத்துல், சரியாத்தான் இருக்கு. மத்தத திருப்பு."

"எல்லாத்தையுமா?"

"சாமி கும்பிட்டது அது ஒண்ணுதான். அதுவா திரும்பும்?"

இரும்புச் சட்டத்துக்கு ரோஷம் கிடையாது. திருப்பி வைத்தால் திரும்பி நிற்கும். குமாரின் ஆட்கள் ஒவ்வொரு சுவராகத் திருப்பினார்கள். வலது ஓரத்தில் நிற்க வேண்டியது இடது ஓரத்துக்குப் போனது, இடது வலதுக்கு வந்தது. எல்லாம் அழகாக முடுக்குப்பட்டு நின்றன. மாலையில் மறுபடியும் போன்.

"அண்ணே, தரையில இருந்து குழாய் வேற இடத்துல வருது."

"அது தரை சிலாப் போட்டவன் சாலா, அவன் தப்பு. நாம என்ன பண்றது."

வதனி அன்றைக்குக் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் என்ன சொல்வது? இடது வலதாகிவிட்டது என்றால், யாருக்கு வலது என்று இப்போது அவரே கேட்பார். செய்தி மட்டும் அனுப்பினேன்: "உடனே வீடு கட்டுகிற இடத்துக்கு வரவும், விளக்கத் தெரியவில்லை."

மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் அங்கே நின்றோம். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வெறும் செம்மண்ணாகக் கிடந்த மேட்டில், வெயிலில் மின்னிக்கொண்டு வீட்டின் எலும்புக்கூடு நின்றது. தொலைவில் லயத்தின் தகரக் கூரைகள் தெரிந்தன. அக்கா எங்களுக்கெல்லாம் நாசி லெமாக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். சாமி அறையில் போய் நின்றார். அங்கே நடுவில், விளக்கு வைக்க வேண்டிய இடத்தில், சமையல்கட்டு சிங்குக்குப் போட்ட குழாய் எழும்பி நின்றது.

"இது என்னாது?" என்றார்.

அக்கா பெரிய படுக்கையறைக்குப் போனார். கட்டில் போட வேண்டிய இடத்தில் கக்கூஸ் குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அக்கினி மூலையில் இருக்க வேண்டிய அடுப்பங்கரை ஈசானி மூலைக்குப் போயிருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிகிற வீடு மாதிரி, எல்லாம் இருக்கிறது, எல்லாம் மறுபக்கத்தில் இருக்கிறது.

வதனி வரைபடத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். வரைபடத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தார். அப்போது எல்லாம் பொருந்தியது.

"வாசல் உட்புறம் வெளியில நிக்குது" என்றார் மெல்ல. "பொட்டு முதுகில வச்சிருக்கிறீங்கள்."

தலைமாடு அண்ணன் தொழிற்சாலையை விட்டு வீடு நிறுத்துகிற இடத்துக்கு வந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. எங்களுக்கு முன்னால் போய் வாசல் பேனலுக்கு எதிரே நின்றார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். உள்ளே நுழைந்து அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். திரும்ப வெளியே வந்தார். வாழ்நாள் முழுக்க இரும்புக்கு முகம் எது என்று ஊருக்கே சொன்ன மனிதர், ஒரு சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

தளத்தை உடைத்துக் குழாயை மாற்றினால் ஆவணி முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, கூரை இன்னும் ஏறவில்லை, பலகை அடிக்கவில்லை, ஸ்க்ரூவை எல்லாம் கழற்றிச் சுவர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்திவிடலாம் என்றார் வதனி. ஆள் நிறைய வேண்டும், ஆனால் முடியும். எல்லோருக்கும் உயிர் வந்தது. குமார் ஸ்க்ரூ மெஷினை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

அண்ணன் எழுந்து குறுக்கே நின்றார்.

"வாசல கழற்றாத."

"அண்ணே, அது திரும்பினாத்தான் மத்தது திரும்பும்."

"பூசை போட்ட முகம்டா. அத உள்ள திருப்பினா, வீடு ஊருக்கு முதுகக் காட்டுது. அந்தப் பாவம் யாருக்கு? அக்காவுக்கு. நான் விட மாட்டேன்."

வதனி சொல்லிப் பார்த்தார். நான் சொல்லிப் பார்த்தேன். பண்டாரத்துக்குப் போன் போட்டோம். அவர் அப்படியும் செய்யலாம், இப்படியும் செய்யலாம், உங்கள் இஷ்டம் என்று தெளிவாகக் குழப்பிவிட்டு வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அக்காவை நடுத்தெருவில் நிறுத்தப் பார்க்கிறாரே என்று. அதை அவரிடம் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"ஏண்ணே, உங்களுக்கு இந்தத் தலை, காலு, முகம், முதுகு எல்லாம் எங்க இருந்து வந்துச்சு?"

அண்ணன் லயத்துப் பக்கம் பார்த்தார்.

"நானும் இந்த மாதிரி லயத்துலதான்கா பொறந்தேன். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம். அப்பா, அம்மா, பெரியப்பா, பக்கத்து வீட்டு ஆளுங்க. எல்லாரும் சொந்த வீட்டுக்குப் போகணும்னுதான் பேசிக்கிட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தரா வெளிய போனாங்க. எல்லாரும் கால் முன்னாலதான் போனாங்க. தூக்குன ஆளு நான்." வாசல் சட்டத்தைத் தடவினார். "அதனாலதான், நான் அனுப்புற வீடாவது தலை முன்னால போகட்டும்னு."

எத்தனை லோரியை இறக்கி ஏற்றியிருப்போம். எத்தனை முறை அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்போம். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. குமார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கையிலிருந்த பொட்டலத்தை அவரிடம் கொடுத்தார்.

"அண்ணே, பொட்டு வெளிய இருந்தா ஊர் பாக்கும். உள்ள இருந்தா நான் பாப்பேன். எனக்குத்தானே வீடு. திருப்பிருங்க."

அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, நாசி லெமாக்கை நின்றபடியே தின்று முடித்தார். கையைக் கழுவினார். குமாரிடமிருந்து மெஷினை வாங்கி வாசல் பேனலின் முதல் ஸ்க்ரூவைத் தானே கழற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அக்கா லயத்துக்கு ஆள் அனுப்பினார். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். மெல்லிய இரும்பு என்பதால் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சுவரைத் தூக்கிவிடலாம். தூக்கினார்கள். செம்மண் மேட்டைச் சுற்றிச் சுவர்கள் ஊர்வலம் போயின. சாமி அறைச் சுவரும் சமையல்கட்டுச் சுவரும் வழியில் எதிரெதிரே வந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு விலகின. எது எங்கே போகிறது என்று வதனியைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் தலைமாடு அண்ணன், கையை ஆட்டிக்கொண்டு.

"தலை முன்னால. தலை முன்னாலலா. யாரும் தாண்டாதீங்க."

"அண்ணே, இது எங்க போகுது?" என்று ஒருவர் சுவரின் கீழிருந்து கேட்டார்.

"தெரியாது. தலை முன்னால போ."

பொழுது சாய்வதற்குள் வீடு நேராக நின்றது. சிங்க் குழாய் அடுப்பங்கரையில், கக்கூஸ் குழாய் கக்கூஸில். குங்குமம் உட்புறத்தில், வாசலை ஒட்டிய சட்டத்தில். பலகை அடித்தபோது அது சுவருக்குள் மறைந்துவிட்டது. எந்த இடம் என்று அக்காவுக்குத் தெரியும்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் பால் பொங்கியது. பெயிண்ட் அடிக்கவில்லை, ஜன்னலுக்குத் திரை இல்லை, அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. மகள் பினாங்கிலிருந்து வந்திருந்தாள். லயமே திரண்டு வந்து சாப்பிட்டது. அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார்.

சாப்பாடு முடிந்ததும் அவருக்குக் கண் சொருகியது. அக்கா பெரிய அறையில் பாய் விரித்து, "அண்ணே, இங்க சாயுங்க. என் வீட்டுல முதல்ல படுக்கிறது நீங்களா இருக்கட்டும்" என்றார்.

அண்ணன் பாயின் ஓரத்தில் நின்றார். சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு வாசல் பேனலுக்கு எதிரே பார்த்த அதே குழப்பம்.

"தம்பி, இதுல தலைமாடு எது?"

வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். வடக்கு எது என்பதுதான் தெரியவில்லை. பண்டாரம் ஒரு பக்கம் காட்டினார். குமார் வேறு பக்கம் காட்டினான். வதனி போனை எடுத்தார். இரும்புச் சுவர்களுக்கு நடுவில் அதன் முள் ஆடிக்கொண்டே இருந்தது. இந்த வீட்டைத் திருப்பிய பிறகு எங்கள் யாருக்குமே நிச்சயமாக எதுவும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் தலையணையை எடுத்து ஒரு பக்கம் போட்டேன். நிச்சயமில்லாமல்தான் போட்டேன்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படுத்தார், உடனே தூங்கிவிட்டார். எனக்கு அந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கதவு பாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓர் எட்டு எடுத்து வைத்தால் போய்விடலாம். நான் அவரைத் தாண்டவில்லை. சுவரை ஒட்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.